ஒஹ்தானி தள்ளிவைத்த 68 மில்லியன்: பேஸ்பால் ஆசையா, பக்கா கணக்கா?

#1 · கர்வ்பால்

ஆஃப் சீசன் வந்ததும் பழைய பல்லவி தொடங்கிவிட்டது. "ஒஹ்தானி காசைப் பெரிதாக நினைக்காதவர், ஆட்டத்துக்காகவே வாழ்பவர், அதனால்தான் சம்பளத்தையே தள்ளிவைத்தார்." இதை வேறு இழைகளில் ஆளாளுக்கு எழுதுவதால் இங்கே தனியாகத் திறக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2023 டிசம்பரில், பிட்சிங் (பந்துவீச்சு), பேட்டிங் இரண்டும் செய்யும் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒஹ்தானி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கிளப்புடன் 10 ஆண்டுக்கு 700 மில்லியன் டாலர், அதாவது 70 கோடி டாலர், ஒப்பந்தம் போட்டார். 2024 முதல் 2033 வரை கைக்கு வருவது ஆண்டுக்கு வெறும் 2 மில்லியன். மீதி, ஆண்டுக்கு 68 மில்லியன் வீதம், 2034 முதல் 2043 வரை வரும். வட்டி கிடையாது.

நான் சொல்வது இதுதான்: இது லக்ஸரி டாக்ஸை ஏய்க்கும் வேலை. மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) ஒரு கிளப்பின் மொத்தச் சம்பளத்துக்கு ஐபிஎல் போலக் கறாரான உச்சவரம்பு இல்லை. தாண்டலாம், தாண்டினால் வரி; அதுதான் லக்ஸரி டாக்ஸ். 2024-ல் வரம்பு 237 மில்லியன். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகவோ அதற்கு மேலோ தாண்டும் கிளப்புக்கு வரி 50 சதவீதம். வரம்புக்கு மேல் 60 மில்லியனையும் தாண்டிய பகுதிக்கு இன்னொரு 60 சதவீதம். மொத்தம் 110. டாட்ஜர்ஸ் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறார்கள். வரிக் கணக்கில் ஒஹ்தானி பெயரில் 70 ஏற வேண்டிய இடத்தில் 46 சொச்சம்தான் ஏறுகிறது. வித்தியாசம் 24. அதற்கு 110 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 26 மில்லியன் மிச்சம்.

இதற்குப் பெயர் ஆசையா? 2026 டிசம்பர் 1 அன்று லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. அடுத்ததில் இந்தத் தள்ளிவைப்பை ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டும்.

#2 · இடதுகை

கர்வ்பால் அண்ணே, வரியை மட்டும் பார்த்தீங்க, ஆளைப் பார்க்கலையே.

தள்ளிவைக்கலாம்னு யோசனை கொடுத்தது கிளப் இல்ல, ஒஹ்தானி தரப்பு. அவரோட ஏஜென்ட் நெஸ் பலேலோ இதை வெளிப்படையாவே சொல்லியிருக்கார். இதே அமைப்பை மத்த கிளப்புகளுக்கும் வெச்சாங்க. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பொறுப்புல அப்போ இருந்த ஃபர்ஹான் ஜைதி, தாங்களும் கிட்டத்தட்ட இதையேதான் கொடுக்க முன்வந்தோம்னு சொன்னார். அப்புறம் எப்படி இது டாட்ஜர்ஸ் தந்திரம் ஆகும்?

முந்தின கிளப் ஏஞ்சல்ஸ்ல ஆறு சீசன் ஆடி ஒரு பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்று) ஆட்டம்கூடப் பார்க்காத மனுஷன். "என் காசை அப்புறம் கொடுங்க, இப்போ நல்ல பிட்சரை வாங்குங்க"ன்னார். அந்த மாசமே யோஷினோபு யமமோட்டோ வந்தார், டைலர் கிளாஸ்னோ வந்தார். 2024-லயும் கோப்பை, 2025-லயும் கோப்பை. ஆண்டுக்கு 68 மில்லியனை வட்டியில்லாம விட்டுக்கொடுத்தது தியாகம் இல்லையா?

#3 · வரிக்கணக்கு

இருவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறீர்கள். 700 என்பதை நிஜத் தொகை என்று இருவருமே நம்புகிறீர்கள். அதனால் ஒருவருக்கு அது ஏமாற்றாகத் தெரிகிறது, இன்னொருவருக்குத் தியாகமாகத் தெரிகிறது.

46 எப்படி வந்தது என்று பாருங்கள். தள்ளிவைத்த சம்பளத்தை இன்றைய மதிப்புக்கு மாற்ற லீக் ஒரு விகிதம் வைத்திருக்கிறது: ஒப்பந்தம் தொடங்கும் சீசனுக்கு முந்தைய அக்டோபரில் அமெரிக்க அரசு அறிவித்த நடுத்தவணை வட்டி. 2023 அக்டோபரில் அது 4.43 சதவீதம். 2024 சீசனுக்கான 68 மில்லியன் 2034-ல் வருகிறது, பத்து ஆண்டு இடைவெளி. 1.0443-ஐப் பத்து முறை பெருக்கினால் 1.5426. 68-ஐ அதனால் வகுத்தால் 44.08. உடனே வரும் 2-ஐச் சேர்த்தால் 46.08. பத்து ஆண்டுக்கு 460.8. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் இடைவெளி அதே பத்துதான் என்பதால் எண் மாறாது.

சிலர் 4.43-ஐப் பத்தால் பெருக்கி, 68-ல் 44.3 சதவீதம் கழித்து, 37.9 என்று போடுகிறார்கள். அது தவறு. கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். கூட்டு வட்டியைப் பின்னோக்கி ஓட்டுகிறோம், அவ்வளவே. வீரர் சங்கம் வேறு விகிதத்தில் போட்டுப் பார்த்ததில் மொத்தம் சுமார் 438 மில்லியன்தான் வந்தது.

ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரி விஷயம். கடைசிச் சீட்டு எடுப்பவருக்கு முழுத்தொகை, முன்னால் எடுப்பவருக்குத் தள்ளு போக மிச்சம். ஒஹ்தானி கடைசிச் சீட்டை எடுத்தார், 700. முதலிலேயே எடுத்திருந்தால் தள்ளுபோக 461.

ஆகவே கர்வ்பால், அந்த 26 மில்லியன் மிச்சம் என்பது இல்லாத பணத்துக்குப் போட்ட வரி. ஆண்டுக்கு 70 ரொக்கமாக என்றால் அது வேறு ஒப்பந்தம், இதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. இதே மதிப்பை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் வரிக் கணக்கில் 46 தான் ஏறியிருக்கும். இடதுகை, உங்களுக்கும் இதே பதில். "வட்டி இல்லை" என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வாசகம். 700-க்கும் 461-க்கும் நடுவில் இருக்கும் 239 மில்லியன்தான் வட்டி, அதற்குச் சம்பளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முன்னாள் வீரர் பாபி போனியாவுக்கு நியூயார்க் மெட்ஸ் கிளப் கொடுப்பதை எல்லோரும் கேலி செய்கிறோம் அல்லவா? 5.9 மில்லியனைத் தள்ளிவைத்து, 8 சதவீத வட்டியோடு, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-லும் 11,93,248 டாலர் 20 சென்ட். அங்கே வட்டி வெளியே தெரிகிறது, இங்கே உள்ளே ஒளிந்திருக்கிறது. மற்றபடி ஒரே சரக்கு.

#4 · பிட்ஸ்பர்க் பாவம்

கணக்கு அழகாக இருக்கிறது சார். ஆனால் கையில் இருக்கும் ரொக்கம்? இந்தப் பத்து ஆண்டில் டாட்ஜர்ஸ் கல்லாவிலிருந்து அவருக்குப் போவது ஆண்டுக்கு 2 மில்லியன். மிச்ச 44-ஐ வைத்து இன்னொரு ஆளை வாங்கலாமே. முக்கி பெட்ஸுக்கு 115 மில்லியன் தள்ளிவைத்திருக்கிறார்கள், ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு 57, வில் ஸ்மித்துக்கு 50. ஒஹ்தானியையும் மற்றவர்களையும் சேர்த்தால் பில்லியனைத் தாண்டிவிட்டது. இது கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணுவதுதானே?

எங்கள் பிட்ஸ்பர்க் பைரட்ஸில் பால் ஸ்கீன்ஸ் 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 9 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அவர் சந்தைக்கு வரும் நாளில் யார் தூக்கிப் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

#5 · வரிக்கணக்கு

ரொக்கம் பற்றிய கேள்விதான் சரியான கேள்வி. அதற்கும் விதி உண்டு.

ஒரு சீசனில் தள்ளிவைத்த சம்பளத்தின் இன்றைய மதிப்பை, அந்த சீசனுக்குப் பிறகு வரும் இரண்டாவது ஜூலை 1-க்குள் கிளப் தனியே ஒதுக்கிவிட வேண்டும். 2024-க்கு உரிய சுமார் 44 மில்லியன் 2026 ஜூலை 1-க்குள். 2025-க்கு உரியது 2027 ஜூலை 1-க்குள். இப்படியே பத்துத் தவணை. "2034 வரை ஒரு பைசா எடுத்துவைக்க வேண்டாம்" என்று எழுதுபவர்கள் அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை.

ஆக கிளப்புக்கு உண்மையில் கிடைப்பது இரண்டு. ஒன்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டு சுணக்கம். எப்போது பார்த்தாலும் இரண்டு தவணை, 80 சொச்சம் மில்லியன், கிளப்பின் புழக்கத்தில் இருக்கும். இரண்டு, ஒதுக்கிய பணத்தை முதலீடு செய்து 4.43-க்கு மேல் ஈட்டினால் அந்த உபரி கிளப்புக்கு. குறைந்தால் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும். லாபம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணிய கிளப் நிஜமாகவே ஒன்று உண்டு. அரிசோனா டயமண்ட்பேக்ஸ் சம்பளத்தை ஏராளமாகத் தள்ளிவைத்து ராண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங்கோடு 2001-ல் கோப்பை வாங்கியது. 2004-ல் 111 தோல்வி. தவணைகள் வரும்போது கல்லா காலியாக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

இந்தக் கருவி பணக்காரக் கிளப்புக்கு மட்டும் என்பதும் சரியில்லை. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2015-ல் மேக்ஸ் ஷெர்சரின் 210 மில்லியனில் சரிபாதியைத் தள்ளிவைத்தது. 2022 முதல் 2028 வரை ஆண்டுக்கு 15 மில்லியன். அப்போது ஒருவரும் தடை கேட்கவில்லை.

#6 · ஷார்ட்ஸ்டாப் சுமதி

எல்லாரும் கிளப்பையே சுத்தி வர்றீங்க. ஒஹ்தானிக்கு என்ன லாபம்னு கேளுங்க. கலிபோர்னியா வரி!

1996-ல வந்த ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு. தள்ளிவைத்த சம்பளத்தைக் குறைஞ்சது பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய சமமான தவணைகளா வாங்கினா, சம்பாதிச்ச மாநிலம் அதுக்கு வரி போட முடியாது. வாங்குறப்போ எந்த மாநிலத்துல குடியிருக்காரோ அங்கதான் வரி. இப்போ அந்தத் தவணையைப் பாருங்க: 2034-லேருந்து 2043 வரை. எண்ணிப் பாருங்க. கச்சிதமா பத்து. ஒன்பதும் இல்ல, பதினொண்ணும் இல்ல.

பேட்டைப் பிடிக்கிற கையில கால்குலேட்டரும் இருந்திருக்கு. தப்புன்னு சொல்லல. ஆசைன்னு மட்டும் சொல்லாதீங்க.

#7 · வரிக்கணக்கு

சுமதி மேடம் சொன்னது சரி. எண்ணைச் சேர்த்துவிடுகிறேன். கலிபோர்னியாவின் உச்ச வருமான வரி 13.3 சதவீதம். ஊதியத்தில் ஊனக் காப்பீட்டுப் பிடித்தம் 2024-ல் 1.1 சதவீதமாக இருந்தது, அந்த ஆண்டு முதல் அதற்கும் உச்சவரம்பு போய்விட்டது. இரண்டும் 14.4. ஆண்டுக்கு 68 மில்லியனுக்கு 9.8 மில்லியன், பத்து ஆண்டுக்கு 98. பத்திரிகைகளில் வந்த 98 மில்லியன் என்ற எண் இதுதான். 2024 ஜனவரியில் அந்த மாநிலத்தின் கணக்குத் தலைமை அதிகாரி மலியா கோஹன், இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டார்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. 98 மிச்சமாக வேண்டுமென்றால் அவர் 2034-க்குள் டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநில வருமான வரியே இல்லாத இடத்துக்குக் குடிபோக வேண்டும். ஜப்பானுக்குத் திரும்பினால் கதை வேறு. அங்கே உச்ச வரி 45 சதவீதம், உள்ளாட்சிக் குடியிருப்பு வரி 10. மொத்தம் 55. அமெரிக்க ஃபெடரல் வரி 37-ஐக் கழித்துக்கொண்டாலும் மிச்சத்தை ஜப்பானில் கட்டியாக வேண்டும். கலிபோர்னியாவிலேயே இருப்பதைவிட அது கூடுதல். ஆட்டம் முடிந்ததும் ஊருக்குப் போகப்போகிறவர் என்றால் இந்தத் தவணையால் அவருக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இன்னொன்று. அந்தப் பணம் இன்றைக்கு அவர் பெயரில் இல்லை, கிளப்பின் பெயரில்தான் இருக்கும். அவர் பெயருக்குக் கைமாறினால் அன்றே முழுவதற்கும் வருமான வரி விழும்.

#8 · கர்வ்பால்

சரி, 26 மில்லியன் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். வரிக்கணக்கு சார் காட்டியது நியாயம். ஆனால் இதில் இடதுகைக்கு என்ன மிஞ்சியது? தியாகம் பூஜ்யம். 461 மில்லியன் மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு 700 என்ற உலக சாதனைத் தலைப்பு கிடைத்தது. விளம்பர வருமானம் தனியே கொட்டுவதால் 2 மில்லியனில் குடும்பம் நடத்த வேண்டிய நிலையும் இல்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு: உரிமையாளர் மார்க் வால்டரோ நிர்வாகி ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ பொறுப்பிலிருந்து போனால் ஒஹ்தானி விலகிக்கொள்ளலாம். ஆட்டத்தின் மீது மட்டும் ஆசை உள்ளவர் முதலாளியின் பெயரைக் குறித்துவைத்துக் கையெழுத்துப் போடுவாரா?

#9 · இடதுகை

போடுவார் அண்ணே. ஜெயிக்கணும்னு ஆசைப்படுறவர்தான் அப்படிக் கேட்பார். காசு மட்டும் போதும்னா முதலாளி யாரா இருந்தா என்ன?

ஆனா 2023-ல தியாகம் இல்லங்கிறதை ஒத்துக்கிறேன். அந்தக் கணக்குக்கு எதிரா பேச என்கிட்ட சரக்கு இல்ல. நான் 2017-க்குப் போறேன், ஏன்னா உண்மையான விலை அங்கதான் இருக்கு.

2016 கடைசில லீக்கும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல வெளிநாட்டு வீரர் வயசு வரம்பை 23-லேருந்து 25-க்கு ஏத்தினாங்க. 25 ஆகாதவங்களுக்குச் சந்தை விலை கிடையாது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு சின்ன போனஸ் உண்டியல், அதுக்குள்ளதான் கொடுக்கணும், அதுவும் மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஒப்பந்தமா. ஒஹ்தானிக்கு அப்போ 23. இன்னும் ரெண்டு சீசன் ஜப்பான்ல தன்னோட கிளப் நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ்லயே ஆடிட்டு வந்திருந்தா எந்த உண்டியலும் கிடையாது, நேரடிப் பேரம். அவர் காத்திருக்கல. வாங்கின போனஸ் 2.315 மில்லியன். அதுலயும் பாருங்க, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், யாங்கீஸ் ரெண்டு பேர் உண்டியல்லயும் 3.5 மில்லியன் கிட்ட இருந்துச்சு. அதை விட்டுட்டுக் கம்மியா இருந்த ஏஞ்சல்ஸை எடுத்தார்.

அப்புறம் சம்பளம்: 2018-ல 5,45,000 டாலர், லீக்கோட குறைஞ்சபட்சம். 2019-ல 6,50,000. 2020 கொரோனா வெட்டு போக ரெண்டரை லட்சம் சொச்சம். 2021-ல 3 மில்லியன், 2022-ல 5.5. போனஸையும் சேர்த்து அஞ்சு வருஷத்துக்கு 12 மில்லியன் சொச்சம். கடைசி 2023-ல மட்டும்தான் 30.

யமமோட்டோ ஜப்பான்ல 25 வயசு வரை காத்திருந்து வந்தார்: 12 ஆண்டு, 325 மில்லியன், தள்ளிவைப்பே கிடையாது. அவரோட பழைய கிளப் ஓரிக்ஸுக்குத் தனிக் கட்டணம். முதல் 25 மில்லியனுக்கு 20 சதவீதம், அடுத்த 25-க்கு 17.5, மிச்சம் 275-க்கு 15. கூட்டினா 5, 4.375, 41.25. மொத்தம் 50.625. இந்தக் கட்டணம் லக்ஸரி டாக்ஸ் கணக்குலயும் ஏறாது. காத்திருந்தா என்ன கிடைக்கும்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது.

#10 · ஷார்ட்ஸ்டாப் சுமதி

இடதுகை, அதே யமமோட்டோவை வெச்சே திருப்பிக் கேட்கிறேன்.

மேஜர் லீக்ல ஆறு வருஷ சேவை முடிஞ்சாதான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்தக் கிளப்போடவும் பேரம் பேசலாம். 23-ல வந்ததால அந்தக் கடிகாரம் 2018-ல ஓட ஆரம்பிச்சுது. 2023 நவம்பர்ல 29 வயசுல சந்தைக்கு வந்துட்டார், ரெண்டு எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருதோட. 25 வரை காத்திருந்து 2019 கடைசில நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தா 2023-ல அதுக்குள்ளதான் மாட்டியிருப்பார். அப்போ அவர் கையில மேஜர் லீக் சாதனை எதுவும் இருந்திருக்காது. ரெண்டு வேலையும் பார்க்கிற ஆள் எடுபடுவாரான்னு சந்தேகத்தோடதான் விலை வெச்சிருப்பாங்க.

சின்ன தொகைக்கு முன்னாடியே வந்து, திறமையைக் காட்டிட்டு, பெரிய தொகைக்கு விலை பேசினது. முதலீடுன்னு சொல்லலாமே.

#11 · இடதுகை

மேடம், நடந்து முடிஞ்சதை வெச்சு முதலீடுன்னு சொல்றது சுலபம். நடுவுல என்ன ஆச்சுன்னு பாருங்க.

2018 அக்டோபர்ல வலது முழங்கை, டாமி ஜான் அறுவை. அதாவது கிழிஞ்ச தசைநாருக்குப் பதிலா வேற இடத்துலேருந்து ஒண்ணை எடுத்து எலும்புல துளை போட்டுக் கோர்த்துக் கட்டறது. பிட்சருக்கு ஒரு வருஷத்துக்கு மேல போயிடும். 2019 முழுக்க ஒரு பந்துகூடப் போடல, பேட் மட்டும்தான். அந்த செப்டம்பர்ல முழங்காலுக்கு அறுவை. 2020-ல திரும்பி வந்து மொத்தம் ஒண்ணே முக்கால் இன்னிங்ஸ்கூட இல்ல, ஒண்ணும் மூணுல ரெண்டும். ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார்ங்கிற சராசரி) 37.80. பேட்டிங் சராசரி .190. அந்தக் குளிர்காலத்துல "பிட்சிங்கை விட்டுடு, பேட்டை மட்டும் பிடி"ன்னு சொல்லாத ஆள் கிடையாது. அதுக்கப்புறம் போட்டதுதான் ரெண்டு வருஷத்துக்கு 8.5 மில்லியன்.

அங்கேயே கதை முடிஞ்சிருந்தா உங்க முதலீடு எங்க போயிருக்கும்? ஜப்பான்லயே இருந்திருந்தா 2017 சம்பளமே 27 கோடி யென். கணக்குப் பார்க்கிறவன் உத்தரவாதத்தைத்தான் எடுப்பான்.

#12 · கர்வ்பால்

இன்னொரு ஜப்பானிய பிட்சர் ரோகி சசாகியும் அதையேதான் செய்தார். 2025 ஜனவரியில், 23 வயதில், டாட்ஜர்ஸுடன் 6.5 மில்லியன் போனஸ். அதில் கால்பங்கு, 1.625 மில்லியன், அவரை விட்ட கிளப் லோட்டே மரீன்ஸுக்கு. யமமோட்டோவை விட்டதற்கு ஓரிக்ஸ் வாங்கிய 50.625-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அவரைத் தியாகி என்று யாரும் எழுதவில்லையே? மரீன்ஸ் ரசிகர்கள் வேறு வார்த்தைதான் வைத்திருக்கிறார்கள். வீரர் அவசரப்பட்டதற்கான விலையைப் பழைய கிளப்தான் கொடுத்தது.

வந்த ஆண்டே தோள் வலி. மே மாதம் காயப் பட்டியல், செப்டம்பர் கடைசியில்தான் திரும்பினார், அதுவும் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்). சீக்கிரம் வருவதில் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதான். ஒஹ்தானிக்கு மட்டும் அதை ஆசை என்று பெயர் மாற்றி எழுதுகிறோம்.

#13 · பிட்ஸ்பர்க் பாவம்

நடுவில் ஒரு கேள்வி. தடை செய்தால் என்ன ஆகும்?

#14 · வரிக்கணக்கு

700 என்பது 461 ஆகும். அதே ஆள், அதே கிளப், வரிக் கணக்கில் அதே 46. செய்தித் தலைப்பு மட்டும் சின்னதாகும். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ மெட்ஸுடன் போட்டது 15 ஆண்டு, 765 மில்லியன், ஒரு டாலர்கூடத் தள்ளிவைக்கவில்லை. வரிக் கணக்கில் ஆண்டுக்கு 51. ஒஹ்தானியைவிட அதிகம். தள்ளிவைப்பு இல்லாமலே பணக்காரக் கிளப் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு அதுவே போதும்.

டாட்ஜர்ஸின் பலம் வேறு இடத்தில். 2014 முதல் 25 ஆண்டுக்கு 8.35 பில்லியன் டாலர் உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம். மற்ற பல கிளப்புகளின் ஆட்டங்களைக் காட்டிய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஒரு பக்கம் தண்ணீர் வற்றாத கிணறு, இன்னொரு பக்கம் குழாயே போச்சு. 2024-க்கு டாட்ஜர்ஸ் கட்டிய லக்ஸரி டாக்ஸ் மட்டும் 103 மில்லியன். ஏய்ப்பவர் இவ்வளவு கட்டமாட்டார். கட்டிவிட்டும் தாங்குகிறார்கள் என்பதுதான் உங்கள் ஊருக்குப் பிரச்சினை. பேச வேண்டுமென்றால் உள்ளூர் தொலைக்காட்சி வருமானத்தைப் பங்கு போடுவதைப் பேசுங்கள்.

#15 · பிட்ஸ்பர்க் பாவம்

அதைப் பேசினால் எங்கள் முதலாளி பங்கை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார் சார். கூடவே குறைந்தபட்சச் சம்பளச் செலவு என்று ஒரு தரைவரம்பும் வேண்டும். அது வராமல் எந்தத் தடையும் எங்களுக்கு உதவாது, புரிகிறது.

#16 · இடதுகை

தலைப்புக்கு வருவோம். 2023 நவம்பர்ல, ஒப்பந்தம் போடறதுக்கு முன்னாடியே, ஜப்பான்ல இருக்கிற சுமார் 20,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் பள்ளிக்கு மூணு கிளவுஸ்னு அறிவிச்சார். மொத்தம் 60,000. மூணுல ரெண்டு வலதுகைப் பிள்ளைங்களுக்கு, ஒண்ணு இடதுகைக்கு. கடையில இடதுகைக் கிளவுஸ் கேட்டு அலையறவனுக்குத்தான் அந்த மூணாவதோட அருமை தெரியும். பள்ளில பொதுவா வாங்குறப்போ அதைத்தான் முதல்ல விட்டுடுவாங்க.

#17 · கர்வ்பால்

கிளவுஸ் தயாரித்தது அவருடைய விளம்பர நிறுவனமான நியூ பேலன்ஸ். ஒப்பந்தம் அதே 2023-ல் தொடங்கியது. மூன்று கிளவுஸில் ஆட்டம் ஆட முடியாது, களத்தில் ஒன்பது பேர் வேண்டும். ஒரு நகராட்சி அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் அலுவலகத்தில் காட்சிக்கு வைத்துத் திட்டு வாங்கியதும் செய்தியாக வந்தது.

#18 · ஷார்ட்ஸ்டாப் சுமதி

கர்வ்பால், இது ரொம்ப ஓவர். மூணு கிளவுஸ் ஆட்டம் ஆட இல்ல, பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்க. அதுக்கு ரெண்டே போதும். இதுல நான் இடதுகை பக்கம்.

ஆனா 2017 பத்தி நான் சொன்னதுல மாற்றம் இல்ல.

#19 · கர்வ்பால்

சரி, கிளவுஸை விடுகிறேன். கணக்கை மட்டும் எழுதுகிறேன். 2023 கணக்குதான் என்று இடதுகையே ஒப்புக்கொண்டார். 2017 முதலீடு என்று சுமதி காட்டினார். வேறு என்ன மிச்சம்?

#20 · இடதுகை

2024 உலகத் தொடர் (கோப்பைக்கான இறுதித் தொடர்), ரெண்டாவது ஆட்டம், அக்டோபர் 26. ரெண்டாவது பேஸைத் திருட (பிட்சர் வீசறப்பவே ஓடிப் பிடிக்க) போய் இடது கையை ஊன்றிச் சறுக்கினார், தோள்மூட்டு நழுவிடுச்சு. டாட்ஜர்ஸ் 2-0 முன்னிலை. உட்கார்ந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஒப்பந்தத்துல இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி, எல்லாம் உத்தரவாதம், ஆடினாலும் ஆடாட்டியும் வரும். மூணாவது ஆட்டத்துல முதல் ஆளா வந்து வாக் (நாலு தப்புப் பந்துக்கு அடிக்காமலே கிடைக்கிற பேஸ்) வாங்கிட்டு பேஸுக்குப் போனார். இடது கையால சட்டைக் காலரை இறுக்கிப் பிடிச்சிருந்தார். ஓடுறப்போ தோள் ஆடி மறுபடி நழுவக்கூடாதுன்னு. அடுத்து ஃப்ரீமன் அடிச்ச ஹோம் ரன்ல அதே காலரைப் பிடிச்சபடிதான் ஓடி வந்தார். தொடர் முடிஞ்சதும் அறுவை. அதனால பிட்சிங் பயிற்சியும் தள்ளிப்போய் 2025 ஜூன் 16-லதான் மறுபடி பந்து போட்டார்.

அந்தக் காலருக்கு 4.43 போட்டு எவ்வளவு வருதுன்னு வரிக்கணக்கு சாரைக் கேளுங்க.

#21 · கர்வ்பால்

அந்தத் தொடரில் அவர் 19-க்கு 2 ஹிட்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

#22 · இடதுகை

எழுதியாச்சு அண்ணே. காயத்துக்கு முன்னாடியும் ஒண்ணும் பெரிசா அடிக்கல.